யாரென்று கேட்காத போன் அக்கா

போனை எடுத்ததும் ‘யாரு?’ என்று கேட்பது அக்காவுக்குப் பிடிக்காது. பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டாலும் பிடிக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மணி அடித்தது. பட்டப்படிப்புப் படித்தவள் அல்லவா, எடுத்து, ‘வணக்கம், யாருங்க பேசுறீங்க?’ என்று அழகாகக் கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அக்கா மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் ஒட்டிய கையோடு ஓடிவந்து, இடது கையால் ரிசீவரைப் பிடுங்கி, ‘ஆ, சொல்லு’ என்றாள். அந்தப் பக்கம் ஏதோ ஒரு சொல் வந்திருக்க வேண்டும். ‘நீயாட்டி! அவிய நேத்து சாயங்காலமே மங்களூர் வந்தாச்சு. ஐஸ் ஏத்திட்டு நாளைக்குத் திரும்பப் போவாவ. அழாதே’ என்று சொல்லி முடித்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

‘அவ மாப்பிளெ கடலுக்குப் போயி இருவத்தஞ்சு நாளாச்சு மக்கா. அவகிட்டெ போயி நீ யாருண்ணு கேக்குதியே. அவளுக்கு வயிறு எரியாதா?’

தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில், ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கத்தின் அலுவலகம் அது. படகு போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும், சில நேரம் நாற்பது நாள் ஆகும். கொச்சியில் கரையேறினாலும் குஜராத்தில் கரையேறினாலும் செய்தி முதலில் எங்களுக்குத்தான் வரும். வீட்டுப் பெண்கள் அதைக் கேட்க அலுவலகத்துக்கு விளிப்பார்கள். போன் பண்ணுவதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் சொல். விளிக்கிறவர்கள் யாரும் பெயர் சொல்வதில்லை, ஊர் சொல்வதில்லை, படகின் பெயரும் சொல்வதில்லை. ‘நாந்தாம்’ என்பார்கள், அவ்வளவுதான். கணவன் பெயரைச் சொல்ல ஒரு கூச்சம், தன் பெயரைச் சொல்ல ஒரு கூச்சம். அதோடு, தன்னைத் தெரியாத ஓர் இடத்துக்குத் தன் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்க விளிப்போமா என்கிற எண்ணமும் உண்டு. முந்நூறு வீடுகளுக்குக் குறையாமல் இருக்கும். அத்தனை ‘நாந்தாம்’களையும் அக்காவுக்குத் தெரியும்.

இதை முதலில் நான் நம்பவில்லை. எங்கள் செக்ரட்டரி சாரும் நம்பவில்லை. அவர் துபாயில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஒரு நாள் மச்சானின் போனை வாங்கிக்கொண்டு, கீழே ஐஸ் ஆலைக்குப் பின்னால் போய் நின்று, குரலை மாற்றி ‘நாந்தாம்’ என்றாராம். அக்கா யோசிக்கவே இல்லை. ‘சாரே, தொண்டையிலெ கபம் கட்டியிருக்கு. சுக்கு போட்டு வெந்நி குடியும்’ என்று வைத்துவிட்டாள். அவர் மேலே ஏறி வந்தபோது அலுவலகமே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு முழுசாக இல்லை.

கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். தூங்குகிறாள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். ‘மூச்சு வாங்குதே, பிரஷர் குளிகை தின்னல்லியா?’ என்பாள். ‘பின்னால கொழுந்தன் நிக்கானா? செரி, பெறகு விளி’ என்பாள். சவூதியில் தம்மாமிலிருந்து ஆறேழு வருஷம் கழித்து ஒருவன் விளித்து ‘நாந்தாம்’ என்றபோது, ‘பள்ளிமேட்டு வீட்டு எளையவனா? அம்மைக்கு இப்பமாவது ஒரு போன் போடணும்ணு தோணிச்சே’ என்று வாங்குவாங்கென்று வாங்கினாள். அவன் அந்தப் பக்கம் அழுதான். இவள் இந்தப் பக்கம் திட்டுவதை நிறுத்தவில்லை.

செக்ரட்டரி சார் புது போன் சிஸ்டம் வாங்கியது இந்தச் சமயத்தில்தான். பழைய இரண்டு லேண்ட்லைனும் ஒரு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. காதில் மாட்ட ஹெட்செட் வந்தது. திரையில், விளிக்கிற நம்பருக்கு நேராகப் பெயர் தெரியும். காத்திருப்பவர்களுக்குப் பாட்டு ஓடும். எந்த இருக்கையில் யார் எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்று சாயங்காலம் கணக்கு வரும். எல்லாப் பேச்சும் பதிவாகும். அதை மாட்டக் கொச்சியிலிருந்து வந்தவர் ஒரு மணி நேரம் மலையாளத்தில் சொல்லித்தந்துவிட்டு, தடியாக ஒரு புத்தகத்தையும் தந்துவிட்டுப் போனார். அதைப் படிக்கிற பொறுப்பு எனக்கு. படித்து அக்காவுக்குப் படிப்பிக்கிற பொறுப்பும் எனக்கு.

‘ஈஸ்டருக்குள்ளெ அவ படிச்சிரணும். இல்லண்ணா வேற ஆளு பாக்கணும்’ என்றார் சார். அக்காவின் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு மூத்த சகோதரி. இந்த ஒரு சம்பளத்தில்தான் இரண்டு பேரும் இருந்தார்கள். அன்று மத்தியானம் என்னிடம் சொன்னாள்: ‘இந்த வேலை போச்சுண்ணா எறாலு உரிக்கப் போவணும் பிள்ளே. அது சாரமில்ல, உரிச்சிரலாம். அங்ங என்னை யாரு விளிப்பா?’

நான் நல்ல வாத்தியார் இல்லை. பொறுமை கிடையாது. எங்கள் வீடு கருங்கல் பக்கம். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிப்பவர். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். அக்காவுக்கு ஒன்பது தடவை சொல்ல வேண்டியிருந்தது. மவுஸை உயிருள்ள நண்டைப் பிடிக்கிற மாதிரி பின்பக்கமாகப் பிடிப்பாள். ஹெட்செட்டைத் தலையில் மாட்டமாட்டாள். கழற்றி, ஒரு பக்கத்துக் குமிழை மட்டும் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணை மூடினால் திரையை எப்படிப் பார்ப்பது? ஒருவரைச் சாரின் அறைக்கு மாற்ற வேண்டிய இடத்தில் வேறு எதையோ அமுக்கிவிடுவாள். அந்தப் பெண் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பாள். ‘எனக்க தெய்வமே, அவ மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கா, அவளுக்குப் பாட்டு எதுக்கு? நிறுத்துட்டி!’ என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்துவாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

பாஸ்வேர்ட் அவளுக்கு நிற்கவே இல்லை. காலையில் அவள் பெயரில் நானே லாகின் செய்துவைத்துவிடுவேன். ஒவ்வொருவரும் தங்கள் பெயரில்தான் உட்கார வேண்டும் என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவள் எழுந்து போகிற நேரங்களில் அதே இருக்கையில், அதே பெயரில் நான் உட்கார்ந்து எடுத்தேன். அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குப் பிடித்தது. பதிவான பேச்சைத் திரும்பக் கேட்கிற வித்தை. அதை ஒரே தடவையில் படித்துக்கொண்டாள். ‘நெட்டு இல்லண்ணா என்ன செய்யும்?’ என்றுகூடக் கேட்டாள். நெட் இல்லாவிட்டாலும் பேச்சு மெஷினுக்குள்ளேயே கிடக்கும், வந்ததும் மேலே போய்விடும் என்றேன். ‘அப்பம் சத்தம் எங்கயும் போவாது’ என்று சந்தோஷப்பட்டாள். சாப்பாட்டு வேளையில் முந்தின நாள் பேச்சுகளைப் போட்டுக் கேட்பாள்.

பெயர்ப் பட்டியல் ஏற்றுகிற வேலைதான் எங்களுக்குள் சண்டையானது. சங்கத்துப் பதிவேட்டிலிருந்து முந்நூறு வீடுகளின் நம்பர்களையும் நான் ஏற்றினேன். நம்பர், பெண்ணின் பெயர், கணவன் பெயர், படகின் பெயர். நாலு நாள் வேலை. அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

‘இது ஆருக்க நம்பருண்ணு எழுதுகே?’

‘ரிஜிஸ்டர்ல இருக்கே அக்கா.’

‘ரிஜிஸ்டர்லெ இருக்கும். இண்ணு மருமவ கையிலெ இருக்கும், நாளைக்கு மாமியாருக்க மடியிலெ இருக்கும். ரீசார்ஜ் தீந்தா அடுத்த வீட்டுக்காரி வாங்கிட்டுப் போவா. கடப்புறத்துலெ ஒரு போனுக்கு ஒரு ஆளுண்ணு ஆரு சொன்னா ஒனக்கு? சத்தத்தைக் கேளு பிள்ளே. நம்பரைப் பாக்காதே.’

‘முந்நூறு பேரு சத்தத்தை நான் எப்படி அக்கா படிக்க?’

‘நான் படிச்சேனே.’

‘அதுக்குத்தான் இந்த மெஷின்’ என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. எங்கள் சங்கத்துப் படகு ஒன்று கர்நாடகப் பக்கத்தில் அலையில் கவிழ்ந்துவிட்டது. பதினொரு பேரில் ஒன்பது பேரை வேறொரு படகுக்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்துவிட்டார்கள். இரண்டு பேரைக் காணவில்லை. காலை பத்து மணிக்குக் காப்பாற்றப்பட்டவர்களின் பட்டியல் வந்தது. சார், படகுக்காரரோடு நாகர்கோவிலுக்கு அதிகாரிகளைப் பார்க்கப் போய்விட்டார். பக்கத்து ஊர்களின் பெண்கள் நேரிலேயே வந்து கேட்டில் குவிந்துவிட்டார்கள். அக்கா அவர்களிடம் இறங்கிப் போனாள். போகும்போது என்னிடம் சொன்னாள்: ‘நல்ல செய்தி மட்டும் போன்லெ சொல்லு. மத்ததெ பங்குச் சாமியாரும் படகுக்காரரும் வீட்டுக்குப் போயிச் சொல்லுவாவ. சந்தேகமுண்ணா என்னை விளி, நான் ஏறி வருகேன்.’

நான் அக்காவின் இருக்கையில் உட்கார்ந்தேன். கடியப்பட்டணத்திலிருந்து ஒரு விளி வந்தது. திரையில் மெர்சி என்று பெயர், அவள் கணவன் பெயர், கவிழ்ந்த படகின் பெயர், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. கையில் பட்டியல் இருந்தது. அந்தக் கணவனின் பெயர் அதில் மூன்றாவதாக இருந்தது. எடுத்தேன்.

‘நாந்தாம்மா. எங்க வீட்டுக்காரரு...’

‘உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல. கரை சேந்தாச்சு. பேரு லிஸ்ட்ல இருக்கு’ என்றேன்.

‘சத்தியமாட்டா?’

‘சத்தியமா.’

நல்ல செய்தி சொன்ன சந்தோஷத்தில் எனக்கே கண் கலங்கியது. மெஷின் எவ்வளவு உதவியாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அது மெர்சி இல்லை. மெர்சியின் போனை வாங்கி விளித்த அடுத்த வீட்டு ரெஜினா. அவள் கணவனும் அதே படகில் போனவன். காணாமல் போன இரண்டு பேரில் ஒருவன். பதினொரு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை ரெஜினா சந்தோஷமாக இருந்தாள். கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினாள். கடன் சொல்லிக் கோழி வாங்கி, மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் குழம்பு வைத்துப் போட்டாள். நாலு மணிக்குச் சாமியாரும் படகுக்காரரும் அவள் வாசலில் போய் நின்றபோது, ‘ஆபீஸ்லெ சத்தியம் பண்ணிச் சொன்னாவளே’ என்று அவர்களை உள்ளே விடாமல் கதவை அடைத்துவிட்டாளாம்.

ஐந்து மணிக்கு இது அலுவலகத்துக்கு வந்தது. ரெஜினாவின் அண்ணன்மார் வரப்போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பதினொரு மணி ஏழு நிமிஷத்துப் பேச்சைத் தேடி எடுத்து அழித்தேன். அந்தச் சிஸ்டத்தில் புத்தகம் பார்க்காமல், யாரும் சொல்லித்தராமல் நான் படித்த ஒரே வேலை அது.

மறுநாள் சார் முந்தின சாயங்காலக் கணக்கின் அறிக்கையைத் திறந்தார். இருக்கை, நேரம், எடுத்தவர் பெயர், எல்லாம் வரிசையாக இருந்தன. அக்காவைக் கூப்பிட்டார்.

‘நான் அப்பம் கேட்லெ பெண்ணுங்ககூட நிண்ணேன் சாரே’ என்றாள் அக்கா.

‘எத்தனை மணிக்கு இறங்கினெ, எத்தனை மணிக்கு ஏறினெ?’

‘மணி ஆரு பாத்தா சாரே? அவளுவொ மண்ணுலெ கெடந்து அழுதாளுவ.’

‘சிஸ்டத்துலெ ஒனக்க பேரு நிக்குது.’

அக்கா என்னைப் பார்த்தாள். ‘நீ சொல்லு மக்கா’ என்றாள்.

‘அறிக்கையில அக்கா பேருதான் சார் இருக்கு’ என்றேன். பதிவு இருக்கிறதா என்று சார் கேட்டார். அன்றைக்கு நெட் இல்லை, பதிவாகவில்லை என்றேன். அக்கா பெயரைப் பற்றி முதலில் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அதை வைத்துத்தான் அடுத்த சில இரவுகள் தூங்கினேன்.

அக்காவை அன்றோடு அனுப்பிவிட்டார்கள். ஈஸ்டர் வரைகூடக் காத்திருக்கவில்லை. ‘எப்படியும் அவ படிக்கப் போறதில்ல’ என்றார் சார். ரெஜினா மட்டும் எல்லாரிடமும் சொன்னாளாம், அது போன் அக்கா சத்தம் இல்லை, வேறு சத்தம் என்று. புருஷனைக் கடலில் தொலைத்தவள் பேச்சை யார் கணக்கில் எடுப்பார்கள்? கடப்புறமெல்லாம் போன் அக்கா பொய்ச் சத்தியம் பண்ணினாள் என்றே பேச்சானது. இரண்டு தலைமுறைப் பெண்களின் மூச்சைக் கேட்டே ஆளைச் சொன்னவள், கோயிலுக்குப் போனால் பெஞ்சில் தனியாக உட்கார வேண்டியதாயிற்று. சகோதரியைப் பார்க்க வேண்டுமே என்று இறால் உரிக்கப் போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு விளிகள் குறைந்துகொண்டே வந்தன. பெண்கள் பஸ் ஏறி நேரில் வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினார்கள். மாத அறிக்கையில் சராசரிப் பேச்சு நேரமும் பாதியானது. சார் அதைக் கூட்டத்தில் வாசித்து என்னைப் பாராட்டினார். இன்றும் அந்த சிஸ்டத்தை நான்தான் பார்க்கிறேன். அக்கம்பக்கத்துச் சங்கங்களுக்கும் போய்ப் படிப்பித்துவிட்டு வருகிறேன். ஒவ்வொருவரும் தங்கள் பெயரில்தான் உட்கார வேண்டும் என்று முதல் பாடமாகச் சொல்கிறேன். சொல்லும்போது எதிரில் இருப்பவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அழித்த பேச்சு உடனே போய்விடுவதில்லை. அதை நான் மறுநாளே கண்டுபிடித்தேன். ‘அழிக்கப்பட்டவை’ என்று ஒரு தனிப் பெட்டி உண்டு. முப்பது நாள் அதில் கிடக்கும். பக்கத்தில், போவதற்கு இன்னும் எத்தனை நாள் என்று நம்பர் போட்டிருக்கும். அதற்கும் பக்கத்தில், திரும்ப எடுக்க ஒரு பொத்தான்.

பன்னிரண்டாவது நாள் அக்கா வந்தாள். கையில் இறால் உரித்த காயத்துக்குத் துணி சுற்றியிருந்தாள். அவளுடைய நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

‘மக்கா, ஒரு காரியம் கேக்கட்டா?’

‘சொல்லுங்க அக்கா.’

‘நெட்டு இல்ல, பதியல்லேண்ணு சாருகிட்டெ சொன்னியாமே. நெட்டு இல்லண்ணாலும் பேச்சு மெஷினுக்குள்ளெ கெடக்கும், பெறகு மேலெ போவும்ணு நீதானே எனக்குப் படிப்பிச்செ. ஒருக்கா தேடிப் பாரு பிள்ளே. சாருக்கு மட்டும் போட்டுக் காட்டினா போதும். அது ஆருக்க சத்தம்ணு நான் கேக்கல்ல, கேட்டியா. எனக்க சத்தம் இல்லேண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். பெண்ணுங்க எனக்க மொகத்துலெ முழிக்க மாட்டேங்குதாளுவ.’

நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். பேச்சு அங்கே இருந்தது. ரெஜினா விளித்த நம்பர், நேரம், பக்கத்தில் ‘இன்னும் 18 நாள்’ என்று இருந்தது. அக்கா திரைக்கு அந்தப் பக்கம் நின்றாள், அவளுக்குத் தெரியாது. பொத்தானுக்கு மேலே அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அமுக்கினால் அவளுடைய நாற்காலி அவளுக்கு. என் வேலை போகும், ரெஜினாவின் அண்ணன்மார் என் வீட்டுக்கு வருவார்கள், வேதபாடம் வாசிக்கிற அப்பா தலைகுனிவார்.

‘இல்ல அக்கா. அழிஞ்சு போச்சு.’

‘நல்லா பாத்தியா?’

‘பாத்தேன்.’

‘செரி மக்கா’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அதன் பிறகு தினமும் காலையில் வந்ததும் அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறப்பேன். பதினேழு, பதினாறு, பதினைந்து. நாளைக்குச் செய்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தடவைகூட அந்தப் பேச்சைப் போட்டுக் கேட்கவில்லை. முப்பத்தோராவது நாள் திறந்தபோது பெட்டி காலியாக இருந்தது. நான் கேன்டீனுக்குப் போய், ஒரு மாதமாக இறங்காமல் இருந்த சாப்பாட்டை, இரண்டு தட்டு வாங்கி வயிறார உண்டேன்.